இருபது கணிப்பொறிகளுக்கு ஒரே பாடம்

ஒரு பள்ளி ஆய்வகத்தில் இருபது கணிப்பொறிகள் இருப்பதாகக் கொள்வோம். எல்லாவற்றிலும் புதிய இயக்க மென்பொருளை ஏற்ற வேண்டும். ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்றால், ஆசிரியருக்கு இருபது மணி நேர வேலை! இதற்கு எளிய வழி உண்டா? உண்டு. அதைப் பார்ப்பதற்கு முன் ஓர் அடிப்படைக் கேள்வி.

இயக்க மென்பொருள் என்பது என்ன?

விசைப்பலகை, திரை, வட்டு, வலை இணைப்பு ஆகிய அனைத்தையும் ஒருங்கே ஆளும் அடிப்படை மென்பொருளே அது. விண்டோஸ், லினக்ஸ் ஆகியவை இவ்வகையின. நம் நாட்டில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007-இல் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் தொகுப்பை வெளியிட்டது. பள்ளிகளுக்கென ‘எடுபாஸ்’ என்ற வடிவமும் அதில் உண்டு. கேரளத்தில் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனம், பாடங்களுக்குத் தேவையான மென்பொருள்களைச் சேர்த்து ஒரே லினக்ஸ் தொகுப்பைப் பள்ளிகளுக்கு வழங்குகிறது.

ஓர் அச்சு, பல படிகள்

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிக் காலணித் தொழிற்சாலைகளில் தோலை வெட்ட ‘டை’ எனப்படும் எஃகு அச்சைப் பயன்படுத்துகிறார்கள். ஓர் அச்சைச் செம்மையாகச் செய்துவிட்டால், ஒரே வடிவத்தில் ஆயிரம் துண்டுகள் வெட்டலாம். அதுபோல, ஒரு கணிப்பொறியில் எல்லாவற்றையும் ஏற்றிச் சரிபார்த்து, அதன் வட்டு முழுவதையும் அப்படியே ஒரு கோப்பாகப் படியெடுக்கலாம். இதுவே மூலப்படி. மற்றக் கணிப்பொறிகள் மின்சாரம் பெற்றதும், தம் வட்டில் தேடாமல், வலையிணைப்பின் வழியாக இம்மூலப்படியைப் பெறுமாறு செய்ய முடியும்.

இங்கே ஒரு கணக்கு. மூலப்படி 20 கிகாபைட். வலையின் வேகம் நொடிக்கு 100 மெகாபிட். ஒரு பைட்டுக்கு 8 பிட் அல்லவா? எனவே அனுப்ப வேண்டியது 1,60,000 மெகாபிட். ஆகும் நேரம் 1,600 நொடி, அதாவது சுமார் 27 நிமிடம். இருபதுக்கும் தனித்தனியே அனுப்பினால் ஏறக்குறைய 9 மணி நேரம்! ஆனால் ஆசிரியர் சொல்வதை வகுப்பு முழுவதும் ஒரே சமயத்தில் எழுதுவது போல, ஒரே தகவலை எல்லாக் கணிப்பொறிகளும் சேர்ந்து கேட்டால் அதே 27 நிமிடம் போதும். இம்முறைக்கு ‘மல்டிகாஸ்ட்’ என்று பெயர். நடைமுறையில் நேரம் சற்றுக் கூடலாம். பிறகு, மாணவருக்கு வரிசை எண் தருவது போல ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தனிப்பெயர் தர வேண்டும். இல்லையேல் வலையில் குழப்பம் நேரும்.

திருத்தங்கள் எதற்கு?

2017 மே 12 அன்று ‘வான்னாகிரை’ என்னும் தீங்கு மென்பொருள் உலகெங்கும் பரவியது. யாரும் எதையும் அழுத்தாமலே, விண்டோஸிலிருந்த ஓட்டை வழியாக, வலையில் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் சிக்கின. பிரிட்டனின் மருத்துவமனைகளும், நமக்கு அண்டையில் ஆந்திரக் காவல் துறையின் சில கணிப்பொறிகளும் அவற்றில் அடங்கும். வியப்பு என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக அதை ஏற்றாதவர்களே பெரிதும் அவதிப்பட்டனர்.

அப்படியானால் வந்தவுடன் எல்லாவற்றிலும் ஏற்றிவிடலாமா? அதிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூலை 19 அன்று ‘கிரவுட்ஸ்டிரைக்’ நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான திருத்தத்தால் சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் முடங்கின. நம் விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்கு அனுமதிச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்! அச்சில் பிழை இருந்தால் வெட்டிய துண்டுகள் அத்தனையிலும் அப்பிழை இருக்கும்.

படிப்படியாக

ஆகவே வழி இதுதான். திருத்தத்தை முதலில் ஒரு கணிப்பொறியில் ஏற்றி, பாட மென்பொருள், அச்சுப்பொறி ஆகியவை இயங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு ஐந்தில், சில நாட்களுக்குள் எல்லாவற்றிலும். பழைய மூலப்படியைப் பத்திரமாக வைத்திருந்தால், தவறு நேர்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். தேர்வு நாட்களில் இவ்வேலை கூடாது. திருத்தத்தை ஒருமுறை மட்டும் இணையத்திலிருந்து இறக்கிப் பள்ளியிலேயே சேமித்துப் பகிர்ந்தால், இணைய இணைப்பின் சுமையும் குறையும்.

எந்த மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு என்பதையும் மறக்கலாகாது. விண்டோஸ் எக்ஸ்பிக்குத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றன. அப்போது தமிழக அரசு தன் துறைகளை ‘பாஸ்’ லினக்ஸுக்கு மாறும்படி கூறியது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பழைய கணிப்பொறிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றை எறிந்துவிட வேண்டியதில்லை. தகுந்த லினக்ஸை ஏற்றினால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

மாணவர்களே! உங்கள் ஆய்வகக் கணிப்பொறிகளில் உள்ள இயக்க மென்பொருளின் பெயர், பதிப்பு, கடைசியாகத் திருத்தம் ஏற்றிய நாள் ஆகியவற்றை ஆசிரியரின் உதவியுடன் ஒரு அட்டவணையாக எழுதுங்கள். எந்தக் கணிப்பொறிக்கு உடனே கவனிப்புத் தேவை என்பதை அந்த அட்டவணையே சொல்லிவிடும்.