பல் வலியும் காலதாமதத்தின் விலையும்

பல் வலித்தால் மருந்துக் கடையில் வலி நிவாரணி மாத்திரை வாங்குவதும், வலி குறைந்ததும் அதை மறந்துவிடுவதும் நம்மில் பலரின் வழக்கம். மருத்துவமனைக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய தொழிலாளிக்கு, அந்த மாத்திரையே மலிவான தீர்வாகத் தோன்றும். ஆனால், பல்லைப் பொருத்தவரை காலதாமதத்தின் விலை மிக அதிகம்.

பல்லின் மேலுறையான எனாமலுக்கு உணர்ச்சி இல்லை. அதற்கடுத்து டென்டின், அதற்கும் உள்ளே நரம்புகளும் ரத்த நாளங்களும் கொண்ட மென்மையான பற்கூழ். உண்ணும் சர்க்கரையை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன. அமிலம் எனாமலை அரித்துச் சொத்தையை உண்டாக்குகிறது. சொத்தை ஆழமாகும்போது பற்கூழில் அழற்சி தோன்றுகிறது. உடலின் பிற இடங்களில் அழற்சி ஏற்பட்டால் திசு வீங்குவதற்கு இடமுண்டு. கடினமான சுவர்களுக்குள் அடைபட்ட பற்கூழுக்கு அது இல்லை. எனவேதான் வலி இவ்வளவு கடுமையாக இருக்கிறது.

இந்த அழற்சிக்கு இரண்டு நிலைகள் உண்டு. முதல் நிலையில், குளிர்ந்த நீரோ இனிப்போ பட்டால் பல் கூசும். சில விநாடிகளில் அடங்கிவிடும். அப்போதே சொத்தையை அகற்றிப் பல்லை அடைத்துவிட்டால் பற்கூழ் குணமடையும். இரண்டாம் நிலையில் கூச்சம் நெடுநேரம் நீடிக்கும்; எதுவும் படாமலேயே, குறிப்பாக இரவில் படுத்தவுடன், வலி எழும். அந்நிலையில் பெரும்பாலும் 'ரூட் கெனால்' எனப்படும் வேர் சிகிச்சை தேவைப்படும். பாதிக்கப்பட்ட கூழை நீக்கி, வேரின் உட்குழாய்களைத் தூய்மைப்படுத்தி, நிரப்பி மூடுவதே அச்சிகிச்சை. பின்னர் பல்லுக்கு உறையும் பொருத்த நேரிடலாம். அதற்கு வசதியில்லாதவர்கள் பல்லையே இழக்கிறார்கள்.

ஆன்டிபயாடிக் மாத்திரைகள் இந்த அழற்சியைக் குணப்படுத்துவதில்லை. வெறும் பல் வலிக்கு அவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. கிராம்புத் தைலம் தரும் ஆறுதலும் தற்காலிகமானதே. கடும் வலி திடீரென நின்றுவிட்டால் நோய் தீர்ந்ததாக மகிழ்வதும் தவறு. பற்கூழ் செத்துவிட்டது என்பது அதன் பொருளாக இருக்கலாம். அதன்பின் தொற்று வேரின் நுனியைக் கடந்து சீழ்க்கட்டியாக மாறக்கூடும். முக வீக்கத்துடன் காய்ச்சலோ, விழுங்குவதிலும் மூச்சு விடுவதிலும் சிரமமோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உலகில் ஏறத்தாழ 200 கோடிப் பேரின் நிலைப்பற்களில் சிகிச்சை பெறாத சொத்தை உள்ளதாக உலக சுகாதார அமைப்பின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அந்த அமைப்பு 2021-இல் ஃபுளூரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. எனினும், பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையையே மையமாகக் கொண்டவை. சொத்தைப் பல்லை அடைக்கும் சிறு செலவு மக்களின் சொந்தப் பொறுப்பாகிறது. சிறு செலவைத் தவிர்த்துப் பெருஞ்செலவுக்கு வழிவிடுவது எந்தப் பொருளாதாரக் கணக்கிலும் சரியாகாது. பள்ளிகளில் ஆண்டுதோறும் பற்பரிசோதனையும், வீட்டுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பல் அடைக்கும் வசதியும் கிடைக்க வேண்டும்.

நாள்தோறும் இருமுறை ஃபுளூரைடு பற்பசையால் பல் துலக்குவதும், இடைவேளைகளில் இனிப்பு உண்பதைக் குறைப்பதும், வலி இல்லாதபோதும் பல் மருத்துவரைச் சந்திப்பதும் நம் கையில் உள்ளவை. பல் கூசத் தொடங்கும்போதே அதற்குச் செவிசாய்ப்போம். அப்போது பல்லும் மிஞ்சும், பணமும் மிஞ்சும்.