முகமே காதான பறவை

துளி வெளிச்சமும் நுழையாத அறை. தரையெங்கும் சருகு. எலியளவு காகித உருண்டை ஒன்று அந்தச் சருகுக்குள் இழுக்கப்படுகிறது. மேலே உட்கார்ந்திருந்த கூகை என்னும் ஆந்தை பாய்ந்து அதைக் காலால் பற்றிக்கொண்டது. காகிதத்துக்கு எலியின் வாடையும் இல்லை, உடல் சூடும் இல்லை. கூகைக்கு வழிகாட்டியது சருகின் சலசலப்பு மட்டுமே. இந்தச் சோதனையைச் செய்த அமெரிக்கர் ரோஜர் பேய்ன், பின்னாளில் திமிங்கலத்தின் பாட்டை உலகுக்குக் கேட்கவைத்தவர்.

கூகையின் இதய வடிவ முகத்தை அழகு என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு கேட்கும் கருவி. கையைக் காதோரம் குவித்துக் கேட்பதுபோல, விறைப்பான இறகுகள் ஒலியைத் திரட்டிக் காதுத் துளைக்கு அனுப்புகின்றன. துளைகள் இறகுக்குள் மறைந்திருக்கும். (கொம்பன் ஆந்தையின் தலையில் காதுபோல் நிமிர்ந்து நிற்பவை வெறும் இறகுக் கொத்துகள்தான்.)

விசித்திரம் இனிமேல்தான். இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இல்லை. இடது காது சற்று மேலே இருந்து கீழ்நோக்கியும், வலது காது சற்றுக் கீழே இருந்து மேல்நோக்கியும் அமைந்திருக்கின்றன. தரையிலிருந்து வரும் ஒலி இடது காதில் ஓங்கிக் கேட்கும், உயரம் பிடிபட்டுவிடும். எந்தக் காதுக்கு ஒலி முந்தி வந்தது என்பதை வைத்து இடமா வலமா என்பது தெரியும். கூகையின் மூளையில் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி நரம்பணுக்கள் வரிசையாக அமைந்து, ஒலியின் வரைபடமாகவே இருப்பதை 1978இல் எரிக் நுட்சனும் மசகாசு கொனிஷியும் கண்டறிந்தார்கள்.

சொந்தச் சிறகின் இரைச்சல் இந்தக் காதைக் கெடுத்துவிடக் கூடாதல்லவா? சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பற்கள், பின்விளிம்பில் மென்மையான ஓரநூல்கள், மேற்பரப்பில் வெல்வெட்டுப் பூச்சு. ஆகவே பறப்பதே கேட்காது. ஜப்பானிய அதிவேக ரயிலின் கூரையில் மின்சாரம் எடுக்கும் கருவி எழுப்பிய இரைச்சலைக் குறைக்க, பறவை பார்ப்பதில் ஆர்வமுள்ள பொறியாளர் எய்ஜி நகாட்சு கைக்கொண்டது இந்த உத்தியைத்தான்.

கண்ணும் குறைந்ததன்று. ஆனால் அது உருண்டையாக இல்லாமல் குழாய் வடிவில், எலும்பு வளையத்துக்குள் இறுகியிருப்பதால் அசையாது. அதற்காகத் தலையே 270 பாகை வரை திரும்புகிறது. முழு வட்டம் சுற்றும் என்பதெல்லாம் கட்டுக்கதை. நமக்குக் கழுத்தெலும்பு 7, ஆந்தைக்கு 14. அத்தனை முறுக்கிலும் ரத்தம் தடைபடாததற்கான காரணத்தை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2013இல் விளக்கினார்கள்: கழுத்தெலும்பில் ரத்தக்குழாய் செல்லும் துளை, குழாயைப் போலப் பத்து மடங்கு அகலம்.

இவ்வளவு தேர்ந்த வேட்டைக்காரனைச் சாக்குருவி என்று ஊரில் விரட்டுகிறோம். மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலோ எலியை ஒழிக்கக் கூகைக்குக் கூட்டுப்பெட்டி வைக்கிறார்கள். நம் நெல்வயல்களிலும் குறுக்குக் கட்டை வைத்த கம்பு நட்டால் ஆந்தைகள் வந்து உட்காரும். கம்பு நடுபவர்கள் அந்த வயலில் எலி மருந்து வைக்க வேண்டாம். விஷம் தின்ற எலியை விழுங்கினால் கூகையும் செத்துப்போகலாம்.