சூடு செய்வதும் செய்யாததும்: ஒரு தட்டு பனீர் புலாவ்

வீட்டிலேயே எளிதாகச் செய்யக்கூடிய உணவு பனீர் புலாவ். பனீர் துண்டுகளை நெய்யில் பொன்னிறமாக வறுத்துத் தனியே வையுங்கள். அதே நெய்யில் சீரகம், பட்டை, கிராம்பு, வெங்காயம், பச்சைப் பட்டாணி ஆகியவற்றை வதக்குங்கள். ஊறவைத்த ஒரு கப் பாஸ்மதி அரிசியுடன் ஒன்றரை கப் தண்ணீரும் உப்பும் சேர்த்து, மூடி, சிறு தீயில் வேகவிடுங்கள். கடைசியில் பனீரைக் கலந்தால் புலாவ் தயார்.

சூடான நெய்யில் போட்டும் பனீர் ஏன் உருகவில்லை? பிட்சாவில் தூவும் மொசரெல்லா சீஸ் உருகி நூலாக நீள்கிறதே!

இரண்டிலும் முக்கியப் புரதம் கேசின்தான். மொசரெல்லாவில் கேசின் மூலக்கூறுகளுக்கு இடையிலான பிணைப்பு சூட்டில் தளர்வதால் அது வழிந்தோடுகிறது. பனீர் செய்யும்போதோ பாலை நன்றாகக் காய்ச்சி, எலுமிச்சைச் சாறு விட்டுத் திரிக்கிறோம். அந்தச் சூட்டில் பாலின் மற்றப் புரதங்களும் விரிந்து கேசினோடு சேர்ந்துகொள்கின்றன. அமிலம் எல்லாவற்றையும் இறுகத் திரளச் செய்கிறது. இந்தப் பின்னல் அடுப்புச் சூட்டில் அவிழாது. அதிக நேரம் வறுத்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறி, பனீர் ரப்பர்போல ஆகும். அதனால்தான் அதைக் கடைசியில் சேர்க்கிறோம்.

சூட்டுக்கு அசையாத வேறொன்றும் இந்தத் தட்டில் இருக்கக்கூடும். மண்ணில் வாழும் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியில் ஒட்டியிருக்கலாம். சோறு வெந்தாலும் இவை பிழைத்துக்கொள்ளும். வெந்த சோறு வெளியிலேயே கிடந்தால் வித்துகள் முளைத்துப் பெருகும். நம் ஊர் வெப்பம் அவற்றுக்கு மிகவும் ஏற்றது. இவற்றுள் சில வகைகள் வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு 121 டிகிரி செல்சியஸிலும் சிதையாது. சோற்றின் மணமோ நிறமோ மாறாததால் நமக்குத் தெரியவும் தெரியாது.

ஆகவே, இரவு அடுப்பின்மேல் விட்ட புலாவைக் காலையில் சூடாக்கிப் பள்ளிக்கு எடுத்துச் செல்வது ஆபத்து. சூடு பாக்டீரியாவைக் கொல்லலாம். அது விட்டுச்சென்ற நஞ்சை அழிக்காது.

மிஞ்சியதை அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பினால் விரைவில் ஆறும். 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாளே சாப்பிட்டு முடியுங்கள். இரவு முழுவதும் வெளியில் கிடந்ததென்றால், மனம் வராவிட்டாலும் கொட்டிவிடுங்கள்.