திருகோணமலை தந்த ‘மோகனாங்கி’

வரலாற்று நாவல் என்றதும் நம்மிற் பலருக்குக் கல்கியே நினைவுக்கு வருவார். அந்தக் கல்கி பிறந்தது 1899இல். அதற்கு நான்கு வருடங்கள் முந்தியே, 1895இல், ‘மோகனாங்கி’ சென்னையில் அச்சாகி வெளிவந்துவிட்டது. தமிழின் முதலாவது வரலாற்று நாவல் என ஆய்வாளர் பலரும் கொள்ளும் இந்நூலை எழுதியவர் திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை. தமிழ்ப் புலமையாற் பெயர்பெற்ற கனகசுந்தரம்பிள்ளை இவருடைய தமையனார்.

இந்தத் துறைமுகப் பட்டினத்துக்கு நாவல் அப்போது முற்றிலும் புதியதன்று. இவ்வூரவரான எஸ். இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இலேயே வந்திருந்தது. ஆனால் அது ஐரோப்பியக் கதையொன்றின் தமிழ் வடிவம். சரவணமுத்துப்பிள்ளையோ தமிழ் நாட்டுச் சரித்திரத்திலேயே தம் கதையைத் தேடிக்கொண்டார்.

அவர் எடுத்துக்கொண்டது நாயக்கர் காலம். திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆண்ட சொக்கநாத நாயக்கர், தஞ்சை விஜயராகவ நாயக்கரின் மகளை மணம் பேசுகிறார், தந்தை மறுக்கிறார், போர் மூள்கிறது, 1673இல் தஞ்சை வீழ்கிறது. சரித்திரம் சொல்வது இவ்வளவே. இரண்டு அரசர்களின் மானப் பிரச்சினையாக அது முடிந்துவிடுகிறது. இடையில் நின்ற அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று கேட்டவர் யார்? நம் ஆசிரியர் அவளையே கதாநாயகியாக்கி, நூலுக்கும் அவள் பெயரையே இட்டார்.

இது தற்செயலாக நேர்ந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. 1892இல் அவர் இயற்றிய ‘தத்தை விடு தூது’ என்ற செய்யுள் நூல், தூது என்னும் பழைய பிரபந்த வடிவத்தை எடுத்துப் பெண் விடுதலை பேசியது. செய்யுளிற் சொல்லியதைக் கதையிலும் தொடர்ந்தார் எனலாம். நூறு வருடங்களுக்கும் முந்திய உரைநடை. இன்றைய வாசகர் கொஞ்சம் பொறுமையோடுதான் படிக்கவேண்டியிருக்கும். அதற்காக ஒதுக்கிவிடக்கூடிய நூலன்று.

பிற்காலத்தில் மாணவருக்கென இந்நாவலைச் சுருக்கிப் பாடநூலாக்கினார்கள். அதற்கு இட்ட பெயர் ‘சொக்கநாத நாயக்கர்’. மோகனாங்கி முகப்பிலிருந்தே போய்விட்டாள். நாற்பது வயதை எட்டுமுன்பே மறைந்துவிட்ட சரவணமுத்துப்பிள்ளை அதைக் காணவில்லை.