பல்பு வாங்கிய வாத்தியார்!

ஃபிசிக்ஸ்ல தொண்ணூறு மார்க் எடுத்த ஆளா நீங்க? சபாஷ்! இந்தாங்க... ஒரு பேட்டரி கட்டை, ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு துண்டு ஒயர். ஹோல்டர் எல்லாம் கிடையாது. எரிய வைங்க பார்ப்போம்!

கட்டையில் ஒயரைத் தொட்டு, மறுமுனையை பல்பின் அடியில் வைக்கிறீங்களா? எரியாது பாஸ். கவலைப்படாதீங்க, உங்களுக்குத் துணை இருக்கு. 1997-ல் வந்த ‘மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்’ என்ற ஆவணப்படத்தில், பட்டமளிப்பு விழா அங்கியோடு நின்ற அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்களிடம் இதையேதான் நீட்டினார்கள். பலர் திருதிருவென முழித்தார்கள். விஷயம் என்னன்னா, பல்புக்கு தொடுமுனை இரண்டு. அடியில் இருக்கும் குமிழ் ஒன்று, பக்கவாட்டு உலோகம் இன்னொன்று. குமிழைக் கட்டையின் தலையில் நிறுத்தி, கட்டையின் அடியிலிருந்து ஒயரைக் கொண்டு வந்து அந்த உலோகத்தில் தொட வேண்டும். சுற்று முழுசாகும், பல்பு எரியும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு ஏழாம் கிளாஸ் வாண்டு!

காலேஜ் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போனேன். முதல் நாள், ‘மின்னோட்டம் என்றால் என்ன?’ என்று போர்டில் எழுதி, டெஃபனிஷன் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார்கள். நானும் ஹீரோ மாதிரி வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரம் கட்டையையும் பல்பையும் எடுத்துப் போனபோதுதான் மேட்டரே வெளிச்சத்துக்கு வந்தது. டெஃபனிஷனை அட்சரம் பிசகாமல் ஒப்பித்த பெண்ணுக்கு பல்பு எரியவில்லை. எனக்கும் எரியவில்லை. கடைசி வரிசையில் நோட்டே கொண்டு வராத ஒருத்தன், ‘குடுண்ணா’ என்று வாங்கி, அப்படி இப்படித் திருப்பி, பத்தே நிமிஷத்தில் எரிய வைத்துவிட்டான். அன்னைக்கு பல்பு வாங்கியது நான்தான்!

நீங்களும் என்.எஸ்.எஸ். கேம்ப், டியூஷன், தெருப் பசங்க என்று ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போகலாம். ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் கையில் எடுத்துக்குங்க. செய்து காட்டுவதற்கு முன்னால், ‘என்ன நடக்கும்?’ என்று கேட்டு கை தூக்கச் சொல்லுங்க. பந்தயம் கட்டியவன் பார்க்கிற மாதிரி சும்மா இருப்பவன் பார்ப்பதில்லை.

உதாரணத்துக்கு, நோட்டு ஒன்று, காகிதம் ஒன்று. ஒரே உயரத்திலிருந்து விட்டால் எது முதலில் விழும்? எல்லாரும் ‘நோட்டு’ என்பார்கள். அதுதான் நடக்கும். ‘வெயிட் ஜாஸ்தி, அதான்!’ என்று காரணமும் வரும். இப்போது காகிதத்தை நோட்டின் மேல் விளிம்பு வெளியே நீட்டாமல் வைத்து விடுங்க. சேர்ந்தே இறங்கும். ‘நோட்டு ஒட்டி இழுத்துட்டுப் போகுது’ என்று ஒரு வக்கீல் கண்டிப்பாகக் கிளம்புவார். அவரை அடக்காதீங்க, அவர்தான் உங்க பெஸ்ட் ஸ்டூடன்ட். அதே காகிதத்தை இறுக்கிக் கசக்கி உருண்டையாக்கித் தனியா விடுங்க. ஏறக்குறைய நோட்டோடு சேர்ந்தே தரையைத் தொடும். காகிதத்தின் எடை மாறவில்லையே, அப்போ தடுத்தது யார்? காற்று! 1971-ல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட், காற்றே இல்லாத நிலாவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. அந்த வீடியோவை செல்போனில் கடைசியாகக் காட்டுங்க. முதலிலேயே காட்டினால் சஸ்பென்ஸ் போச்சு.

சாமான் வாங்க காசு? இதற்கு ஒரு ஐ.ஐ.டி. சீனியர் இருக்கிறார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, 1978-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பக்கம் போனார். கிராமத்துப் பள்ளிகளில் செய்து பார்த்தே அறிவியல் கற்பிக்கும் திட்டம் ஒன்று அங்கே 1972-ல் 16 பள்ளிகளோடு தொடங்கியிருந்தது. அவர் கையில் எடுத்தது சைக்கிள் வால்வு டியூப்பும் தீக்குச்சியும்தான். டியூப்பைத் துண்டு போட்டு, குச்சியைச் செருகினால் முக்கோணம், சதுரம், கூரை எல்லாம் ரெடி. சதுரத்தை அமுக்கினால் சாய்கிறது, முக்கோணம் அசையவில்லை. பாலங்களில் ஏன் முக்கோணம் முக்கோணமாகக் கம்பி இருக்கிறது என்று அதற்கப்புறம் நீங்கள் விளக்கவே வேண்டாம். அந்தத் திட்டத்தை 2002-ல் அரசு மூடிவிட்டது, வயித்தெரிச்சல்தான். குப்தா பொம்மை செய்வதை நிறுத்தவில்லை. 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கடைக்குப் போறவங்களுக்கு ஒரு டிப்ஸ். இழை உள்ள பழைய டார்ச் பல்பையே கேட்டு வாங்குங்க. எல்.இ.டி. கொடுத்தால், நீளக் கால் ப்ளஸ் பக்கம் போகணும். ஒன்றரை வோல்ட் கட்டை ஒன்றுக்கு பெரும்பாலும் எரியாது, இரண்டு வேணும். கட்டையின் இரு முனைகளையும் வெறும் ஒயரால் இணைத்தால் கை சுடும். சுவரில் இருக்கும் ப்ளக் பாயின்ட் பக்கமே பசங்க போகக்கூடாது என்பதை முதல் நிமிஷத்திலேயே சொல்லிடுங்க.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் உறுத்துது. அந்த பல்பு எரித்த பையன் ஒருநாள் கேட்டான்: “அண்ணா, பந்தை மேல எறிஞ்சா உச்சியில ஒரு செகண்ட் நிக்குதே, அப்ப அது மேல விசையே இல்லையா?” மணி பன்னிரண்டு, எனக்கு பஸ்ஸுக்கு நேரம். “அதெல்லாம் பெரிய கிளாஸ்ல வரும்டா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அடுத்த வாரம் அவன் வந்தான். எதுவும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரமும் கேட்கவில்லை.

உச்சியில் வேகம்தான் பூஜ்யம். பூமி இழுப்பது ஒரு நொடி கூட நிற்பதில்லை, அதனால்தான் பந்து திரும்பி வருகிறது. இதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். பஸ்ஸும் அன்னைக்கு இருபது நிமிஷம் லேட்டாத்தான் வந்தது.