எம்.எஸ். பாடிய ஐந்து இசைத்தட்டுகள்

திருப்பதி பூர்ணகும்பம் சந்திப்பில் தம்பூராவுடன் அமர்ந்திருக்கும் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெண்கலச் சிலையை நம்மவர்கள் தினமும் கடந்து போகிறார்கள். 2006-ல் அது வைக்கப்பட்டது. சுப்ரபாதத்துக்காக வைத்த சிலை என்றே பலரும் எண்ணுகின்றனர். அதற்கு இணையான மற்றொரு காரணமும் உண்டு.

சுப்ரபாதம் 1963-ல் எச்.எம்.வி. இசைத்தட்டாக வந்தது. அதன் ராயல்டியை எம்.எஸ். தேவஸ்தான வேத பாடசாலைக்குக் கொடுத்துவிட்டார். கச்சேரி வருமானமும் அப்படியே தர்மத்துக்குப் போயிற்று. எழுபதுகளின் பிற்பகுதியில் அவரும் சதாசிவமும் கல்கி தோட்டத்தை விற்றுவிட்டு வாடகை வீட்டுக்குப் போக நேர்ந்தது. உதவி என்று கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் தம்பதியல்ல அவர்கள்!

அப்போது தேவஸ்தான நிர்வாக அதிகாரியாக இருந்தவர் பி.வி.ஆர்.கே. பிரசாத். அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளைப் பாடித் தரவேண்டும் என்று தேவஸ்தானம் கேட்டுக்கொண்டது. தானம் என்றில்லாமல், வேலைக்குச் சன்மானம் என்று ஆயிற்று. அறுபது வயதைத் தாண்டிய எம்.எஸ்., நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி மெட்டமைத்த பாடல்களையும் மற்றவற்றையும் புதிதாகப் பாடம் செய்தார். தெலுங்கு உச்சரிப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டார். பேர் பெற்ற பின் மாணவியாக உட்கார எத்தனை பேருக்கு மனம் வரும்?

1980 வாக்கில் வெளிவந்த அந்தத் தொகுப்புக்குப் பாலாஜி பஞ்சரத்னமாலை என்று பெயர். 33⅓ சுற்று வேகத்தில் ஐந்து தட்டு, பத்துப் பக்கம். ‘ஸ்ரீமந் நாராயண’, ‘பாவமுலோன’ போன்ற கீர்த்தனைகளோடு வடமொழி ஸ்தோத்திரங்களும் உண்டு. ஐந்தையும் சேர்த்து வாங்கி, அதைச் சுழற்ற ஒரு ரிக்கார்ட் பிளேயரும் வைத்துக்கொள்வது குமாஸ்தா சம்பளத்துக்குக் கட்டாது. ஆனால் எண்ணிட்டுத் தனித்தனி உறையில் வந்ததால், ஒன்றை மட்டும் வாங்கவும் வழியிருந்தது.

பிறகு கேசட் வந்தது. தட்டின் இரு பக்கமும் ஒலிநாடாவின் இரு பக்கத்தில் அடங்கிவிட்டன. சித்தூர் டீக்கடைக்கும் மலைப்பாதை பஸ்ஸுக்கும் எம்.எஸ். குரல் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். தட்டுகளோ இப்போது சேகரிப்பாளர்களின் சொத்து. உறை கிழியாமல் ஐந்தும் ஒருங்கே கிடைப்பது அபூர்வம். பழைய வீட்டுப் பரணில் ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.