முதியோர் இல்லம்: கட்டடத்தைவிடக் கட்டிலைப் பாருங்கள்

பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா, கூடாதா? இந்தத் தலைப்பில் நம் நாட்டில் எத்தனையோ பட்டிமன்றங்கள் நடந்துவிட்டன. எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கிலும் அதைப் பேசத்தான் அமர்ந்தோம். வாதம் சூடாகப் போய்க்கொண்டிருந்தபோது, பார்வையாளர் வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார்.

"சேர்ப்பது பாவமா இல்லையா என்று நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள். நான் எங்கம்மாவைச் சேர்த்து 8 மாதம் ஆகிறது. அங்கே அவரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதை யாராவது சொல்லுங்களேன்" என்றார். அரங்கம் அமைதியாகிவிட்டது. அன்று மீதி நேரம் முழுவதும் அந்தக் கேள்விக்கே போனது. அதன் சாரத்தைத்தான் இங்கே தருகிறேன்.

எனக்கும் அந்தக் கேள்வி புதிதல்ல. எங்கள் பாட்டி பக்கவாதத்தில் படுத்தபோது நாங்களும் ஓர் இல்லத்தைத் தேடிப் பிடித்தோம். பளபளக்கும் தரை, குளிர்சாதன வரவேற்பறை, சுவரெல்லாம் தீபாவளி உபசரிப்புப் படங்கள். ஞாயிறுதோறும் மாலையில் போவோம். தலை சீவி, பவுடர் பூசி, பாட்டியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். மனநிறைவோடு திரும்புவோம். ஐந்தாவது வாரம் காய்ச்சல் கண்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே தாதி அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தபோதுதான், முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்திற்குப் புண் இருப்பதைக் கண்டோம். ஐந்து வாரமும் நாங்கள் பார்த்தது பாட்டியின் முகத்தை மட்டுமே.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டம் (சட்டம் 506) இருக்கிறது. 4 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்க வைத்துப் பராமரிக்கும் எந்த இடமும், கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், சமூக நல இலாகாவில் பதிவு பெற்றாக வேண்டும். அதற்கு ஊராட்சி மன்றம், தீயணைப்பு மீட்புத் துறை, சுகாதாரத் துறை ஆகியவற்றின் ஒப்புதலும் தேவை. தாதிமைப் பராமரிப்பு இல்லங்களோ 1998ஆம் ஆண்டின் சட்டம் 586இன் கீழ் சுகாதார அமைச்சின் பார்வையில் வருகின்றன. முதியோருக்கான தனியார் சுகாதாரப் பராமரிப்பு நிலையங்களுக்கென்றே 2018இல் சட்டம் 802 இயற்றப்பட்டது.

இந்த வேறுபாடு நமக்கு எதற்கு? மூக்கில் உணவுக் குழாயோடு இருக்கும் அப்பாவை, தங்கவும் உண்ணவும் மட்டுமே வசதியுள்ள ஓர் இல்லத்தில் விட்டால், குழாய் அடைத்துக்கொள்ளும் இரவில் அதைக் கையாளத் தெரிந்தவர் அங்கே இருக்கமாட்டார். ஆகவே, பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். காலாவதி தேதியைப் பாருங்கள். "இரவில் பணியில் இருப்பவர் யார், அவர் பயிற்சி பெற்றவரா?" என்று தவறாமல் கேளுங்கள்.

பார்க்க வேண்டிய மூன்று

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அவெடிஸ் டொனபெடியன், மருத்துவப் பராமரிப்பின் தரத்தை மூன்று கோணங்களில் பார்க்கலாம் என்று 1966இல் எழுதினார். அமைப்பு, செயல்முறை, பலன் ஆகியவையே அந்த மூன்று. கல்யாண விருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபமும் பாத்திரமும் அமைப்பு. சமைப்பதும் பரிமாறுவதும் செயல்முறை. சாப்பிட்டவரின் வயிறு நிறைந்ததா என்பது பலன். நம்மில் பெரும்பாலோர் மண்டபத்தைப் பார்த்துவிட்டு விருந்து பிரமாதம் என்று சொல்லிவிடுகிறோம். இல்லத்தில் பலனைப் பார்க்க வேண்டுமானால், அங்கே இருப்பவரின் உடலைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தோல். படுக்கையிலேயே இருப்பவருக்கு முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், முழங்கை ஆகிய இடங்களில் அழுத்தம் விழுகிறது. அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டால் படுக்கைப் புண் வரும். தோல் சிவந்து, விரலால் அழுத்தியும் அந்தச் சிவப்பு மறையாவிட்டால் அதுவே தொடக்கம். நம்மவர்களின் கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. தொட்டுப் பார்த்து, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பார்கள். அதற்கு ஓர் அட்டவணை இருக்கும். எங்கள் கருத்தரங்கில் கலந்துகொண்ட ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இப்படிச் சொன்னார்: "மாலை 4 மணிக்குப் போய் அந்தத் தாளைப் பாருங்கள். இரவு 8 மணிக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தால், அந்த இல்லத்தைப் பற்றி வேறு எதுவும் கேட்க வேண்டாம்."

இரண்டாவது, எடை. ஒரே மாதத்தில் 5 விழுக்காடு அல்லது 6 மாதத்தில் 10 விழுக்காடு எடை குறைவது கவலைக்குரியது. 60 கிலோ இருந்த அம்மா ஒரு மாதத்தில் 3 கிலோ இளைத்திருந்தால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது. பல் செட் தொலைந்திருக்கலாம். தட்டு கைக்கு எட்டாத தூரத்தில் இருந்திருக்கலாம். ஊட்டிவிட ஆளில்லாமலும் இருந்திருக்கலாம். மெதுவாக விழுங்கும் ஒருவருக்கு ஊட்ட அரை மணி நேரம்கூட ஆகும். ஒரே பணியாளர் 8 பேருக்கு ஊட்ட வேண்டுமென்றால் 4 மணி நேரம். அவ்வளவு நேரம் எந்த இல்லத்தில் இருக்கிறது? ஆகவே, சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள்.

மூன்றாவது, அமைதி. "எங்கள் இல்லத்தில் யாரும் சத்தமே போடமாட்டார்கள்" என்று பெருமையாகச் சொன்னால் சற்று யோசியுங்கள். பகல் முழுவதும் தலை தொங்கி உறங்குகிறார்களா? நாற்காலியோடு துணியால் கட்டப்பட்டிருக்கிறார்களா? தூக்க மருந்து கொடுக்கப்படுகிறது என்றால், எந்த மருத்துவர், எதற்காக, எத்தனை நாளுக்கு எழுதிக் கொடுத்தார் என்று கேட்கும் உரிமை குடும்பத்தாருக்கு உண்டு.

பேச்சுத் துணை

நம் பெரியவர்களுக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தோட்டத்திலேயே வாழ்ந்த பலருக்குத் தமிழ்தான் பேச வரும். மலாய் தெரிந்தவருக்கும் மறதி நோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவிப்போவதுண்டு. பணியாளரோ இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். "வலிக்குது" என்று அம்மா சொல்வது அவருக்குப் புரியவில்லை என்றால், அந்த வலிக்கு மருந்தும் கிடைக்காது. தண்ணி, பசி, வலி, குளிருது, ஒண்ணுக்கு போன்ற பத்துச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதி, மலாய்ப் பொருளோடு கட்டில் அருகே ஒட்டி வையுங்கள். செவ்வாய், வெள்ளிகளில் சைவம் என்றால் அதையும் எழுதுங்கள். செலவில்லாத காரியம், ஆனால் பெரிய உதவி.

குறை கண்டால்?

கண்டவுடன் கூச்சல் போட வேண்டாம். நாம் வீடு திரும்பிய பிறகும் அம்மா அங்கேதான் இரவைக் கழிக்க வேண்டும். தேதி, நேரம், கண்டது ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு பொறுப்பாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். நல்ல இல்லம் அதற்குப் பதில் சொல்லும், திருத்திக்கொள்ளும். மழுப்பினால் சமூக நல இலாகாவிடமோ, தாதிமை இல்லமாக இருந்தால் சுகாதார அமைச்சிடமோ புகார் செய்யலாம். 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கும் அழைக்கலாம். புண் ஆழமாக இருந்தாலோ அடித்த அடையாளம் தெரிந்தாலோ, கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், போலீசில் புகார் கொடுங்கள்.

நாணயத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கருத்தரங்கிற்கு வந்த இல்ல நடத்துநர் ஒருவர் மனம் விட்டுப் பேசினார். முதல் மாதம் வாரம் இருமுறை வரும் பிள்ளைகள், ஆறாம் மாதம் கட்டணத்தை வங்கியில் போட்டுவிட்டு நின்றுவிடுகிறார்களாம். "யாரும் வந்து பார்க்காத கட்டிலுக்குப் பணியாளரும் கடைசியாகத்தான் போகிறார். நான் எவ்வளவு கண்டித்தாலும் அதுதான் நடக்கிறது" என்றார். கசப்பான வார்த்தைதான். ஆனால் உண்மையைச் சொன்னதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். அதிகாரி எப்போதோ ஒருமுறை வருவார். நாம் நினைத்தால் வாரந்தோறும் போகலாம். ஒரே கிழமை, ஒரே நேரம் என்று மட்டும் போகாதீர்கள்.

நிகழ்ச்சி முடிவில் அந்தத் தாதி, கேள்வி கேட்ட அம்மாவிடம் திரும்பி, "உங்கள் அம்மாவின் குதிகாலைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். "காலுறை போட்டிருப்பாரே" என்றார் அவர். சொல்லி முடிக்கும் முன்பே அவர் முகம் மாறிவிட்டது.

அடுத்த முறை போகும்போது பழம், பிஸ்கட்டோடு நின்றுவிடாதீர்கள். திரையை இழுத்து மூடுங்கள். "அம்மா, காலைக் கொஞ்சம் பிடிச்சு விடட்டுமா?" என்று கேளுங்கள். பிறகு அந்தக் காலுறையை மெல்லக் கழற்றிப் பாருங்கள்.